பன்னிரண்டாம் படி

ஆற்றுப் படித்துறையில் ஒரு நண்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, எதுவரை இறங்கியது, கடைசியில் எங்கே நின்றது என்று அது கவனித்து வைத்திருக்கும். அதன் கணக்கு பல நாள் பலித்திருக்கிறது.

பதின்மூன்றாம் படியின் வெடிப்பில் முட்டைகளை வைத்திருந்த எறும்பு, ஒரு காலையில் அதைத் தேடி வந்தது.

"நண்டண்ணே, தண்ணீர் செம்மண் நிறமாக வருகிறது. முட்டைகளை மேலே கொண்டுபோகட்டுமா?"

"நிறமெல்லாம் கணக்கில் வராது, தங்கச்சி. நேற்று தண்ணீர் ஏறியது பதினொன்று, இறங்கியது ஆறு, கடைசியில் நின்றது பத்து. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஒன்பது. அதுதான் நடுப்படி. அதை இரட்டித்து ஆறைக் கழித்தால் பன்னிரண்டு. அது தடைப்படி. அதைத் தண்ணீர் தாண்டாது."

மதியம் தண்ணீர் பன்னிரண்டாம் படியைத் தொட்டு, அங்கேயே நின்றது. தூக்கியிருந்த முதல் முட்டையை எறும்பு மறுபடியும் வெடிப்பிலேயே வைத்தது.

சாயங்காலம் தண்ணீர் பதினான்காம் படிக்கு வந்துவிட்டது. எறும்பு ஒரே ஒரு முட்டையோடு பதினைந்தாம் படியில் நின்றது.

நண்டு தண்ணீருக்கு மேலே கண்களை மட்டும் நீட்டியது.

"தடை உடைந்துவிட்டது, தங்கச்சி. உடைந்த தடை இனித் தாங்குபடி ஆகிவிடும். நாளைக்குத் தண்ணீர் பன்னிரண்டுக்குக் கீழே இறங்காது, பார்."

"முட்டைகள் பதின்மூன்றில் இருக்கின்றன, அண்ணே."

நண்டு அதற்குள் தண்ணீருக்கடியில் போய், அன்றைய மூன்று எண்களைக் கூட்டத் தொடங்கியிருந்தது.