விளக்கு மங்கிய வீடு

சுவர்கள் மனிதக் குரலை மின்சாரமாக்கத் தொடங்கிய பிறகு, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் நிமிர்ந்து பார்ப்பது விளக்கைத்தான்.

காலையில் பார்த்த வீட்டில் பட்டப்பகலிலேயே எல்லா விளக்கும் எரிந்தன. ஏசி குளிரில் இதழினி நடுங்கிப்போனாள். அவள் அம்மா ரஞ்சனிக்கோ வாயெல்லாம் பல்.

மாலையில் வந்த இந்த வீட்டில் விளக்கு அழுது வடிந்தது. மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல யாரும் குரல ஒசத்திப் பேச மாட்டோம். அதான் கரண்டு பத்தல," என்று மாப்பிள்ளையின் அம்மா கூச்சத்தோடு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"கெளம்பலாம்டி," என்று ரஞ்சனி கிசுகிசுத்தாள்.

"காலையில பாத்த வீட்டுல அவ்வளவு கரண்டு எங்கேர்ந்து வந்துச்சு, யோசிச்சியாம்மா? தினம் என்ன சண்டை நடக்குதோ!"

எழுந்த ரஞ்சனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பஜ்ஜித் தட்டோடு வந்தான். அரையிருட்டில் மேஜை என்று நினைத்து, தட்டை ரஞ்சனியின் மடியில் வைத்தான்.

இதழினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரஞ்சனியும் சிரித்தாள். சத்தம் கேட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார். விளக்குகள் குப்பென்று எரிந்தன.

அந்த வெளிச்சத்தில்தான் இதழினி அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.