பெற்றீசியா டீச்சரின் பிழைகள்

"தோட்டத்து லயத்துல பொறந்த புள்ளைய டீச்சராப் போட்டா இப்படித்தாங்க சாமி ஆகும்," என்று கணக்கப்பிள்ளை மத்தியாஸ் தன் மகளின் பாடக் கொப்பியைப் பங்குச் சாமியாருக்கு முன்னே விரித்தார்.

பக்கத்துக்குப் பக்கம் வெட்டு. கண்டி ராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது 1715 என்று ஒரு நாள். மறுநாள் அதை வெட்டி 1815. மகாவலி கங்கை புத்தளத்தில் கடலில் விழுகிறது என்று ஒரு நாள். மறுநாள் அதை வெட்டித் திருகோணமலை.

"காலையில வந்ததும், 'நேத்து நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன், திருத்திக்குங்க'ன்னு சொல்லுதாம். தினமும் இதே கதைதானுங்க. இதுவா படிப்பு?"

சாமியார்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மனேஜர். டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லும் மனு அவர் கையில் இருந்தது. அடியில் பெற்றவர்களின் பதினேழு பெருவிரல் ரேகைகள். முதல் ரேகை தேயிலைக் கொழுந்தெடுக்கும் மார்கிரட்டுடையது. அவள் மகள் ஐவி ஏழாம் வகுப்பு.

"பாடத்தை நானே உக்காந்து கேக்கிறேன்," என்றார் சாமியார்.

வகுப்பின் பின்பக்கம் அவருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் நாற்காலி போட்டார்கள். மார்கிரட்டும் அவளோடு கொழுந்தெடுக்கும் வேலாயியும் ஒரு வாங்குப் பலகையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

"டீச்சர் மூஞ்சியப் பாருக்கா. ராத்திரி சோறு தின்னிருக்காது போல," என்று வேலாயி முணுமுணுத்தாள்.

"சும்மா இரு, வேலாயி."

மார்கிரட்டின் விரல்கள் முந்தானைக்குள் செபமாலையை உருட்டின. 'மாதாவே, இன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் புள்ள வாயில சரியானது வரட்டும்.'

பெற்றீசியா டீச்சர் சோக்கட்டியை எடுத்தார். குரல் கணீரென்றுதான் இருந்தது. பாட்டன் பூட்டன்மார் இராமேசுவரம் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தது, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலையேறியது, காட்டை வெட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தார். கேட்கக் கேட்க மார்கிரட்டுக்குத் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே இருந்தது.

"அப்படி வந்த நம்ம ஆளுங்க இந்த மலையில முதல்ல நட்டது தேயிலை. தேயிலையில நோய் விழுந்து அழிஞ்ச பிறகுதான் கோப்பி வந்துச்சு."

மத்தியாஸ் சாமியாரைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

மார்கிரட் கண்ணை மூடிக்கொண்டாள். எழுத்து வாசனை இல்லாத அவளுக்கே அது தப்பென்று தெரியும்.

பிள்ளைகள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது முன்வரிசையில் ஒரு வாங்கு கிரீச்சென்றது.

ஐவி எழுந்து நின்றாள்.

"டீச்சர்... அது தப்புங்க."

மார்கிரட் செபமாலையை இறுகப் பிடித்தாள். சாமியாரும் கணக்கப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் இடத்திலா இவளுக்கு இந்த வாய் வரவேண்டும்?

"நான் சொல்றதையா தப்புங்கிறே?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க டீச்சர். கோப்பிதாங்க முதல்ல. அதுல நோய் விழுந்த பிறகுதான் தேயிலை."

"புத்தகத்துல பாத்தியா?"

"பாத்தேங்க. பாக்காட்டியும் தெரியுங்க. ஆறாம் நம்பர் மலையில பழைய கோப்பி மரம் இன்னும் நிக்குதுங்களே."

"கேட்டீங்களா சாமி," என்றார் மத்தியாஸ். "புள்ளைக்குத் தெரிஞ்சது டீச்சருக்குத் தெரியல. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

டீச்சர் மேசையில் இருந்த பாடக்குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து சாமியாரிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு.

சாமியார் சத்தமாக வாசித்தார்.

"1957 சனவரி 14. இன்றைய பிழை: மகாவலி புத்தளத்தில் விழுகிறது. கண்டுபிடித்த பிள்ளை: இல்லை. சனவரி 15. இன்றைய பிழை: கண்டி ராச்சியம் 1715. கண்டுபிடித்த பிள்ளை: இல்லை..."

பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஐந்து மாதமாக 'இல்லை'தான்.

"என்னம்மா இது? வேணும்னுதான் செஞ்சியா?"

"ஆமாங்க சாமி. புத்தகம் இவங்களுக்கு நல்லாத் தெரியும். பரீட்சையில சரியாத்தான் எழுதுறாங்க. ஆனா நான் என்ன சொன்னாலும் 'சரிங்க டீச்சர்'தான். நானும் அப்படி வளர்ந்தவதானே. அஞ்சு மாசத்துக்குப் பிறகு இன்னிக்குத்தான் ஒரு புள்ள எழும்பியிருக்கு."

அவர் பேனாவை எடுத்து அன்றைய தேதிக்கு நேரே 'ஐவி' என்று எழுதினார்.

மார்கிரட் ஐவியையே பார்த்தாள். தன் வயிற்றில் பிறந்ததா இது?

மத்தியாசுக்கு முகம் சிவந்துபோனது.

"பெரியவங்களை எதிர்த்துப் பேசவா பள்ளிக்கூடம் வச்சிருக்கீங்க? நாளைக்கு இதுங்க வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துல வந்து இப்படி எதிர்த்து நின்னா என்னாகும் சாமி? பெத்தவங்க ஒருத்தருக்கும் இதுல சம்மதமில்ல. என்ன மார்கிரட், நான் சொல்றது சரிதானே?"

மார்கிரட்டின் தலை பழக்கத்தில் ஆடப் போனது. முன்வரிசையில் ஐவி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

மார்கிரட் வாங்கைவிட்டு எழுந்தாள்.

"இல்லைங்க ஐயா. எனக்குச் சம்மதம். கொழுந்து நிறுக்கிற இடத்துல நீங்க அந்த மனுவை நீட்டின அன்னிக்கு எனக்கும் என் மக மாதிரி வாய் இருந்திருந்தா, அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டுத்தான் விரலை வச்சிருப்பேன்."