நடுவில் உட்கார்ந்த ரெசிஸ்டர்

ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு, மின்சாரத்தைத் தடுத்துக் குறைத்து அனுப்பும் ரெசிஸ்டர் மேல் தீராத சந்தேகம். தான் மூச்சுமுட்டத் தள்ளியும், குட்டி எல்இடி பல்புக்குச் சொட்டு மின்சாரம்தானே போகிறது? நடுவில் உட்கார்ந்திருப்பது இவன்தானே?

"ஏன்டா, உன் உடம்பு மட்டும் ஏன் சுடுது? திருடித் தின்னுறியா?"

"நீங்க தள்ளுற வேகத்தைப் பல்புப் பாப்பா தாங்காது, அண்ணே. நான் தடுக்கிறதாலதான் சுடுது."

பேட்டரி நம்பவில்லை. பக்கத்தில் கிடந்த கம்பித் துண்டிடம் நைச்சியமாகப் பேசி, ரெசிஸ்டரைத் தாண்டிக் குறுக்குவழி போடவைத்தது.

பல்பு பளீரென்று எரிந்தது. "பாத்தியா!" என்று பேட்டரி கத்தி முடிப்பதற்குள் கருகி அணைந்தது.

இருட்டில் கம்பி மெல்ல ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்த்தது.

"இப்ப ஜில்லுனு இருக்காரே, அண்ணே."

"எமகாதகப் பய! திருடினதை அதுக்குள்ள எங்கேயோ ஒளிச்சு வச்சிட்டான்."