கம்பளத்தின் முதுகு

நான் சுண்டெலி. வயது இருபத்து மூன்று. பெரியப்பா மகன் வீட்டு ஹாலில், கம்பளம் கிடந்த இடத்தில் முட்டிபோட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் இந்தச் செல்லப்பெயரில் என்னைத் தெரியும். ஆனால் நேற்றிலிருந்து அம்மாகூட என் போனை எடுக்கவில்லை. அதனால் பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கை ஈரம். பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. எங்காவது தப்பாக விழுந்தால் போனைத் திட்டுங்கள். என்னைத் திட்டத்தான் ஏற்கெனவே வரிசை நிற்கிறதே.

இந்தக் கம்பளம் அண்ணி முதல் சம்பளத்தில் வாங்கியது. சுத்தக் கம்பளி, பால் நிறம். நான் மகாராணி என்று கூப்பிடுவேன். மகாராணிக்கு வெயில் ஆகாது, வெந்நீர் ஆகாது, அழுத்தித் தேய்த்தால் ஆகாது. அவளுக்கு ஹால் முழுக்க இடம். எனக்கு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில்.

அம்மா, நீ வாய் ஓயாமல் சொல்வாயே, “அண்ணனைப் பாருடா, பொண்டாட்டிக்காகக் கம்பளத்த அவனே தொடைக்கிறான்” என்று. அண்ணியும் வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார். அண்ணன் வேறு யாரையும் கைவைக்க விட மாட்டாராம். அவரே நுரை போடுவாராம், துணியால் ஒற்றுவாராம், கடைசியில் சீப்பால் வாரிவிடுவாராம்.

தன் தலையை அவர் அப்படி வாரி நான் பார்த்ததில்லை. வாருவதற்கு அங்கே என்ன இருக்கிறது.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். அண்ணன் சோபாவில் இருந்தார். காலடியில் பாட்டில் சாய்ந்து கிடந்தது. மகாராணியின் மேல் சிவப்பு ஒயின் பரவிக்கொண்டிருந்தது.

குழந்தை பிறந்த அன்றே குடியை விட்ட மனிதர். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

வெளியே லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். பெரியவர்கள் எதை நீட்டினாலும் ஏன் என்று கேட்காமல் வாங்கிப் பழகிய கை. இரண்டு கையாலும் வாங்கினேன், அம்மா. அப்படித்தானே வளர்த்தாய்.

“நீதான்னு சொல்லிடுடா தம்பி. உன்னை என்ன தூக்கிலயா போடப்போறா?”

கதவு திறந்தது. அண்ணி முதலில் கம்பளத்தைப் பார்த்தார், பிறகு பாட்டிலை, கடைசியாக என்னை.

“கொட்டினதுகூட போகட்டும். குடிக்கிறவனுக்கு இந்த வீட்ல எடமில்ல. ஞாயித்துக்கிழமை கிளம்பிடு.”

அவர் முதுகுக்குப் பின்னால் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். என்னமோ பெற்ற பிள்ளை கெட்டுப்போன மாதிரி. அடியும் பலமாக விழவில்லை, அதிலும் சிக்கனம்.

அப்புறம் குழுவில் அண்ணன் போட்டதை நீங்கள் படித்தீர்கள். தம்பி இப்படி ஆவான் என்று நினைக்கவில்லையாம். கூடவே அழுகிற முகம் வேறு.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் யார் நம்பியிருப்பீர்கள்? பாட்டில் என் கையில்தானே இருந்தது.

இன்று இரண்டு பேரும் குழந்தையோடு கடைக்குப் போயிருக்கிறார்கள். கறை எடுக்கும் வேலை எனக்கு. கிளம்பும்போது அண்ணன் மட்டும் திரும்பி வந்து காதோடு சொன்னார்: தேய்க்காதே, ஒற்றி எடு, மேலே மட்டும் செய், சோபாவை நகர்த்தாதே.

எவ்வளவு அக்கறை. எனக்கே கண் கலங்கியது.

சொன்னபடி பச்சைத் தண்ணீர் தெளித்து, வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மகாராணியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் தண்ணீர் அடிவரை இறங்கிவிட்டது. கம்பளியில் ஈரம் நின்றால் வீடே நாறும். புரட்டிக் காயவைக்காமல் முடியாது.

அதனால் சோபாவை நகர்த்தினேன்.

அம்மா, இதுவரை உன்னிடம் பேசினேன். இனி அண்ணியிடம்.

அண்ணி, அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். ஓட்டும்போது போனைத் தொடாத உத்தமர். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள்.

மகாராணியை இழுத்துக்கொண்டுபோய் பால்கனிக் கம்பியில் போட்டிருக்கிறேன். அங்கே இந்நேரம் நிழல்தான், பயப்பட வேண்டாம். முகம் வீட்டைப் பார்க்க, முதுகு தெருவைப் பார்க்க.

ஒற்றி எடுத்தால் மேலே இருப்பது போகும். மிச்சம் முதுகுக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடும்.

முதுகில் நேற்றைய கறை ஒன்று, சிவப்பாக. அதைச் சுற்றி, சோபாவின் கால்கள் இருந்த ஓரம் முழுக்க, திட்டுத் திட்டாக வேறு கறைகள். எல்லாம் காய்ந்து துரு நிறத்துக்கு வந்துவிட்டன. அந்த நிறம் வருவதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தது போன மாதம்.

அண்ணன் உங்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போவார். உடனே லிஃப்டுக்குப் போய்விடாதீர்கள், அண்ணி. தெருவில் நின்று கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.