தாடைக்கு வந்தவர்

தேய்ந்துபோன தாடையில் பல் ஊன்ற வேண்டுமென்றால் முதலில் எலும்பு வைத்து நிரப்ப வேண்டுமாம். டாக்டர் மூன்று வழி சொன்னார். குணவதியின் இடுப்பிலிருந்தே எலும்பு வெட்டி எடுக்கலாம், மாட்டெலும்புத் தூள் வைக்கலாம், இல்லையென்றால் செத்துப்போன யாரோ தானம் கொடுத்த எலும்புத் தூள். இடுப்பில் கத்தியே வேண்டாம் என்றாள் அவள். மாட்டெலும்பை வாயில் வைக்க மனசு ஒப்பவில்லை. வேறு என்ன செய்வாள், பாவம்? மூன்றாவதற்குத் தலையாட்டினாள்.

"யாரு டாக்டர் அவங்க? ஆம்பிளையா, பொம்பளையா?"

"அது எங்களுக்கே தெரியாதும்மா. சுத்தம் பண்ணின வெறும் தூள்தான்."

"இனிமே உன் வாய்க்குள்ள ரெண்டு பேரா? நான் தாங்க மாட்டேண்டி" என்று சிரித்தார் கணவர் மாசிலாமணி.

குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் பிரித்தபின், முதல் கவளம் மீன்குழம்புச் சோற்றை உதடுவரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். தன் கன்னத்தைத் தொட்டு மெல்லக் கேட்டாள்: "நீங்க மீன் சாப்பிடுவீங்களா?"