மரத்துப்போன மூன்று விரல்கள்

வக்கீலுக்கு முடி வெட்டும்போது காதையும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிட்டேன்.

பெரிதாக ஒன்றுமில்லை, நுனிதான். ஆனாலும் காது வக்கீலுடையது.

“முடி வெட்டத்தானேய்யா வந்தேன்? காதை யாரு கேட்டா?” என்றார், துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

தப்பு என்னுடையதுதான். கத்தரி பிடிக்கிற கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் சில மாதங்களாகவே மரத்துப்போய்க்கொண்டிருந்தன. சுண்டுவிரல் மட்டும் சௌக்கியம். வேலை செய்யாதவனுக்கு என்ன வரப்போகிறது?

கையை உதறி உதறியே சமாளித்துவந்தேன். கத்தரியை வைத்துவிட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. ஒரு நாளில் நாலு வார்த்தை பேச வேறு ஆளும் கிடையாது.

மருந்துக் கடைக்காரரைக் கேட்டால், வயசாச்சுல்ல என்றார். அண்ணனைக் கேட்டால், பாத்துக்கலாம்டா என்று போனை வைத்துவிட்டார்.

வக்கீல் காதுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கே போனேன். டாக்டரம்மா மணிக்கட்டில் தட்டினார். விரல் நுனிவரை சுரீரென்றது. உள்ளே நரம்பு நெரிபடுகிறது என்று சொல்லி, காரணத்தைத் தேட ஆரம்பித்தார்.

எப்போதாவது கை முறிந்ததா? இல்லை. சர்க்கரை? டீயில் மட்டும். தைராய்டு? அறிமுகம் இல்லை. வேலை நேரத்தில்தான் அதிகமா? இல்லை, விடிந்து எழுந்திருக்கும்போது.

“எப்படிப் படுப்பீங்க? படுத்துக் காட்டுங்க.”

பரிசோதனைக் கட்டிலில் ஏறினேன். விளிம்பில் ஒருக்களித்து, விழுந்துவிடாமல் இருக்க மணிக்கட்டை மடக்கிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“வீட்டுக் கட்டில் அவ்வளவு சின்னதா?”

“பெரிசுதான் டாக்டர். என் வீட்டுக்காரி கையைக் காலை விரிச்சுப் படுப்பா. எனக்கு மிஞ்சுனது ஓரம்.”

சிரித்துவிட்டார். “நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நான் பேசிக்கிறேன்.”

சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“அவ தவறிட்டா டாக்டர்,” என்றேன் கடைசியில். “போன மழைக்காலத்துல.”

அவர் சட்டத்தை இறுக்கிக்கொண்டிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, மணிக்கட்டை நிமிர்த்தி வைத்தார்.

“கத்தரிய விட்டுடணுமா?”

“வேண்டாம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காம இருக்க ஒரு பட்டை தர்றேன், கட்டிக்குங்க,” என்றார். பட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“இனிமே நடுவுல படுங்க.”