இருவரும் உயிருடன்

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் மருத்துவமனையொன்றில் நோயாளர் கோப்புகளைப் படித்து, பிரசவச் சிக்கல்களுக்குக் குறியீட்டு எண் போடுவது ஆரணியின் வேலை. சொந்தக் கோப்பை அவரவர் தொடக்கூடாது என்பதால், ஐந்து வருடங்களுக்கு முன் அவளுடைய பிரசவத்துக்குக் குறியீடு போட்டவள் பக்கத்து மேசை நிருஜா. இன்று அந்தக் கோப்பு தவறுதலாக ஆரணியின் திரைக்கே வந்தது. இரத்தப்போக்கு, மயக்கம் எல்லாம் சரி. கடைசிக் குறியீடு, இரட்டையர், இருவரும் உயிருடன் என்றது.

ஆரணிக்கு ஒரே மகள்.

"பிழையாப் போட்டிட்டீரோ?"

நிருஜா நிமிரவில்லை. "உம்மட மனுசன்தான் சொல்லவேண்டாமெண்டவர்."

ஆரணி டிராம் பிடித்து வேளைக்கே வீட்டுக்குப் போனாள். கதவுக்கு வெளியே நின்றபோதே உள்ளேயிருந்து கணவனின் குரல் கேட்டது.

"அம்மா வாறதுக்கு முதல் ரெண்டு பேரும் சாப்பிட்டு முடியுங்கோ."

உள்ளே சாப்பாட்டு மேசையில் மகள் மட்டும் இருந்தாள். ஆரணியைக் கண்டதும் கணவன், மகளுக்கு எதிரே இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தான்.